கலைப்பிரிவில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியின் வாயில்

மேனிலைப் பள்ளியில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்னும் வினா, நம் வீடுகளில் பிள்ளையின் பதினைந்தாம் வயதில் எழுகிறது. பெரும்பாலும் அரைநாளில் முடிந்தும்விடுகிறது. மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்தவுடன் தந்தையும் தாய்மாமனும் பள்ளி அலுவலகத்தின் முன் நிற்பர். உள்ளிருப்பவர் பட்டியலை ஒருமுறை நோக்கிவிட்டு, "முதற்பிரிவு நிரம்பிவிட்டது, மூன்றாம் பிரிவில் இடம் இருக்கிறது" என்பார். கையெழுத்தாகிவிடும். அந்த ஒரு கையெழுத்தால் மருத்துவம், செவிலியர் பட்டப்படிப்பு, மருந்தாளுமை ஆகிய வாயில்கள் அனைத்தும் அப்பிள்ளைக்கு அடைபடுகின்றன என்பதை அவ்வேளையில் எடுத்துரைப்பார் அரியர்.

அவ்வாறு அடைபட்ட வாயில்களுள் ஒன்று, 2023 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திறக்கப்பட்டது. திறக்கப்பட்ட செய்தி, யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவர்களைச் சென்றடையவில்லை. சென்றடையாமைக்கு நானும் ஒரு காரணம் என்பதனால்தான் தமிழ்த்துறை மலரில் இலக்கியம் விடுத்து இப்பொருளை எழுத முற்படுகிறேன்.

2024 சனவரியில் இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு மாணவி ஒருத்தி துறைக்கு வந்தாள். அவள் தந்தை பெரிய கடைவீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர். "அம்மா, மூணாம் குரூப் படிச்சவங்க டாக்டருக்குப் படிக்கவே முடியாதுங்களா?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டியார் நீரிழிவு நோயினால் கால் இழந்து, அரசு மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தார். உடனிருந்து பார்த்துக்கொண்டவள் இவளே. அங்கே பிறந்த கேள்வி அது. நான் தயக்கமின்றி, "முடியாது கண்ணு; அதற்கு உயிரியல் படித்திருக்க வேண்டும். நீ முதுகலை சேர்வதற்கு வழி பார்" என்றேன். உண்மையென்றே நம்பிச் சொன்னேன். அந்த விதி மாறி அப்போது இரண்டு திங்கள் ஆகியிருந்தது.

விதி வந்த வழி

தமிழ்நாட்டில் 1978 இல் கல்லூரிப் புகுமுக வகுப்பு நீங்கி, மேனிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. பாடப்பிரிவு என்னும் கோடு பதினொன்றாம் வகுப்பிலேயே இழுக்கப்பட்டது. கணிதமும் அறிவியலும் சேர்ந்தது ஒரு பிரிவு. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியே அமைந்தது மற்றொன்று. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு முதலியன கலைப்பிரிவு. இவற்றுக்கிடையே ஏறி இறங்கப் படிக்கட்டு ஏதும் வைக்கப்படவில்லை. பதினொன்றாம் வகுப்புத் தொடங்கிய சில வாரங்களுக்குள் தலைமையாசிரியர் இசைந்தால் பிரிவு மாறலாம்; அது கடந்தால் கடந்ததே.

மருத்துவச் சேர்க்கை முறையோ பலமுறை மாறியது. 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் 2016 வரை மேனிலை மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் நீட் தேர்வு வந்தது. இத்தேர்வு வேண்டும், வேண்டாம் என்பது பெரியதொரு வழக்கு. நம் சட்டமன்றம் 2021 இல் விலக்குக் கோரிச் சட்டமுன்வடிவு நிறைவேற்றியதும், அதற்கு ஒப்புதல் கிட்டாமற் போனதும் யாவரும் அறிந்தவை. அவ்வழக்கினுள் ஈண்டு நான் புகவில்லை. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது: சேர்க்கை முறை எத்தனை முறை மாறினும், பள்ளியில் அறிவியல் பயிலாதவன் வெளியே நின்றான் என்பது மட்டும் மாறவில்லை.

காரணம் இந்திய மருத்துவக் குழுவின் 1997 ஆம் ஆண்டு விதிமுறைகள். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைச் செய்முறைப் பயிற்சியோடு, பதினொன்றிலும் பன்னிரண்டிலும், தொடர்ந்து இரண்டாண்டு, ஒழுங்கான பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பதே நடைமுறையாயிற்று. மேனிலைத் தேர்ச்சிக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதினால் அது கணக்கில் கொள்ளப்படவில்லை. 2018 சனவரியில் வந்த திருத்தம் திறந்தநிலைப் பள்ளியில் பயின்றோரையும் தனித்தேர்வர்களையும் வெளிப்படையாகவே விலக்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் தில்லி உயர்நீதிமன்றம் திறந்தநிலைப் பள்ளி மாணவர்க்கு எதிரான அவ்விலக்கைச் செல்லாததாக்கியது.

இந்திய மருத்துவக் குழுவின் இடத்தில் பின்னர் அமைந்த தேசிய மருத்துவ ஆணையம், 2023 நவம்பர் 22 ஆம் நாளிட்ட பொது அறிவிப்பின் வாயிலாக முடிவொன்றை வெளியிட்டது. ஏற்கப்பட்ட கல்வி வாரியம் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியபின், இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், இவற்றோடு ஆங்கிலம் ஆகியவற்றைக் கூடுதல் பாடங்களாகப் பயின்று தேறியவர்களும் நீட் எழுதலாம் என்பதே அம்முடிவு. 2024 ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. வயது உச்சவரம்பு 2022 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பதினேழு வயது நிரம்பியிருந்தால் போதும், முப்பதாயினும் தடையில்லை. திறந்தநிலைப் பள்ளி தொடர்பான மேல்முறையீடும் 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தில் மாணவர்க்குச் சாதகமாகவே முடிந்தது.

இச்செய்தியை நான் அறிந்தது 2024 ஆகஸ்டில், வேறொரு துறை நண்பர் தற்செயலாகச் சொன்னபோது. சனவரியிலேயே சரியான விடை சொல்லியிருந்தால் அம்மாணவி அக்டோபர்த் தேர்வுக்குப் பதிவு செய்திருக்கக் கூடும்.

செய்ய வேண்டுவன

கலைப்பிரிவில் தேறியவர்க்கு இன்று எளிதில் கிட்டும் வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989 இல் தொடங்கப்பட்ட இது நடுவணரசின் சார்பான கல்வி வாரியம். இதில் முழுப் படிப்பும் சேரத் தேவையில்லை. பகுதிச் சேர்க்கை என்னும் முறையில் ஒன்று முதல் நான்கு பாடங்கள் வரை மட்டும் எடுக்கலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் ஒட்டியும் அக்டோபர் ஒட்டியும் நடைபெறும். மூன்று அறிவியல் பாடங்களுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. ஆங்கிலத்தை நம் மாணவர் மேனிலையிலேயே பயின்றிருப்பதால் எஞ்சுவன மூன்றே பாடங்கள்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. வாரியத் தேர்வில் தேர்ச்சி வேறு. மருத்துவச் சேர்க்கைக்குரிய தகுதி வேறு. மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் நூற்றுக்கு ஐம்பதும், பிற்படுத்தப்பட்டோரும் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நாற்பதும் பெற்றிருத்தல் வேண்டும். 'தேறிவிட்டேன்' என்று மகிழ்ந்து, பின்னர்க் கலந்தாய்வு நெருங்கும்போது கலங்குதல் கூடாது. விதிகள் 1997, 2018, 2023 என மாறிவந்தமையை மேலே கண்டோம். ஆகவே ஆண்டுதோறும் வெளியாகும் தகவற் கையேட்டைத் தாமே படித்துத் தெளிய வேண்டும். பேராசிரியர் சொன்னார் என்பது போதாது. அதற்கு நானே சான்று.

மூன்று பாடங்களின் தன்மை

நீட் தேர்வில் வினாக்கள் 180, மதிப்பெண் 720, காலம் மூன்று மணி நேரம். இவற்றுள் உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழியும். பாதி மதிப்பெண் உயிரியலுக்கு உரியது என்பது கலைப்பிரிவு மாணவர்க்குப் பெரிய ஆறுதல். ஏனெனில் உயிரியல், ஊன்றிப் படிப்பவனுக்கு வசப்படும் பாடம். உரையாசிரியர்களை வரிவரியாகக் கற்றவன் பாடநூலின் ஒரு பத்தியில் எந்தச் சொல் இன்றியமையாதது, எது விலக்கு, எது எடுத்துக்காட்டு எனப் பிரித்தறிவான். அப்பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

வேதியியல் இடைநிலை. பாதி நினைவு, பாதி கணக்கு. அதன் முதற்படியில் நம் மாணவர் இடறி விழுவது 'மோல்' என்னும் கருத்தில். மில்களின் புழுதி படியாத வீடு கோவையில் குறைவு என்பதால், அவர்களுக்கு நூலைக் கொண்டே இதை விளக்கலாம். நாற்பதாம் எண் நூல் என்றால் என்ன? ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் நாற்பது அடங்கும் நூல். அதாவது 33,600 கெஜம். எந்த வியாபாரியும் அத்தனை கெஜத்தையும் கோல் கொண்டு அளப்பதில்லை. தராசில் நிறுத்து, எண்ணைப் பார்த்து, நீளத்தை அறிகிறான். வேதியியலாரும் அவ்வாறே. 18 கிராம் நீரை நிறுத்தால் அதனுள் ஏறக்குறைய 6.022 பெருக்கல் பத்தின் 23 ஆம் அடுக்கு மூலக்கூறுகள் உள்ளன என்று அறிவர். எண்ண முடியாததை நிறுத்து எண்ணுதலே மோல். திருப்பூரில் பனியன் தொழிலிலோ, கோவையில் நூற்பாலையிலோ பெற்றோர் வேலைபார்க்கும் பிள்ளைக்கு இது அயலான கருத்து ஆகாது. சொல்லித்தந்த முறைதான் அயலானது.

இயற்பியலே மெய்யான தடை. மருத்துவத் தகுதிக்குக் கணிதம் பாடமாகக் கேட்கப்படுவதில்லை; ஆனால் கணிதமின்றி இயற்பியல் நடவாது. பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர், திசையன், மடக்கை, முக்கோணவியல், எளிய வகையீடு, தொகையீடு ஆகியவற்றை முதலிரண்டு திங்களில் தனியே கற்றுக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் நேரே வினாக்களுக்குள் புகுவோர் மூன்றாம் வாரத்திலேயே மனந்தளர்ந்து, 'எனக்கு அறிவியல் வராது' என முடிவு கட்டுவர். வராதது அறிவியல் அன்று. இடையில் விடுபட்ட இரண்டாண்டுக் கணக்கு. நான் கண்ட அளவில், தமிழ் மாணவர்கள் இங்கே அவசரப்படுகின்றனர். உயிரியலில் விரைந்து முன்னேறுவதால் இயற்பியலையும் அவ்வாறே படித்து மனத்தில் இருத்திவிடலாம் என எண்ணுகின்றனர்.

மொழியும் தேர்வும்

நீட் வினாத்தாள் 2017 முதல் தமிழிலும் கிடைக்கிறது. தமிழைத் தேர்ந்தெடுப்போர்க்கு வினாக்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும். இருமொழிக்கும் முரண்பாடு தோன்றினால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. இதனால் விளைந்த இடர் 2018 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன என்று வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்குமாறு தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் அவ்வாண்டிலேயே அத்தீர்ப்பை நீக்கியது. வழக்கு முடிந்தது, தேர்வெழுதிய பிள்ளைகளின் ஓராண்டு முடிந்தது முடிந்ததே.

தமிழில் மருத்துவம் இயலாதது என்பார்க்கு ஒன்று சொல்லலாம். 1847 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இன்றைய நம் மேனிலைப் பாடநூல்களின் கலைச்சொற்களும் தமிழ் மாணவர்க்கு உதவக்கூடியன. 'நாளமில்லாச் சுரப்பி' என்ற சொல்லே அதன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. எனினும் இன்றைய நிலையில் தமிழில் கருத்தைப் பிடித்து, ஆங்கிலப் பாடநூலிலும் அதே பத்தியைப் படித்துவிடுதலே பாதுகாப்பு. மொழிப்பற்றுக்கு இது இழுக்காகாது.

பிற நாடுகளிலும் நம்மிடத்தும்

அமெரிக்காவில் மருத்துவக் கல்வி, இளங்கலைப் பட்டத்திற்குப் பின்னரே தொடங்குகிறது. அப்பட்டம் வரலாற்றிலோ இலக்கியத்திலோ இருக்கலாம். ஆனால் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைக் கல்லூரியில் ஆய்வுக்கூடப் பயிற்சியோடு கூடுதலாக முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்கின்றன. ஆபிரகாம் பிளெக்ஸ்னர் 1910 இல் அளித்த அறிக்கையே இவ்வழக்கத்தை நிலைநிறுத்தியது. பிளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர், பள்ளியாசிரியராக இருந்தவர்.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987 இல் ஒரு படி மேலே சென்றது. மொழி, இலக்கியம், வரலாறு பயிலும் மாணவர்களைத் தேர்ந்து, ஓராண்டு உயிரியலும் ஓராண்டு பொது வேதியியலும் மட்டும் கேட்டு, கரிம வேதியியலையும் இயற்பியலையும் கோடைக்காலத்தில் சுருக்கமாகத் தானே கற்பித்துச் சேர்த்துக்கொண்டது. அவர்களை மற்ற மாணவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2010 இல் வெளிவந்தது. இலக்கிய மாணவர்கள் பிறர்க்கு நிகராகவே தேறியிருந்தனர். உரிமத் தேர்வின் முதற்கட்டத்தில் மட்டும் சராசரி சற்றே தாழ்ந்திருந்தது.

கடல்கடந்து போக வேண்டுவதில்லை. நம் நாட்டு யூனானிக் கல்லூரிகள் சிலவற்றில் 'பிரீ திப்' என்றொரு முன்படிப்பு நெடுங்காலமாக வழங்கிவந்தது. அரபு மதரஸாக்களில் ஆலிம் பட்டம் பெற்று, பள்ளி அறிவியல் பயிலாத மாணவர்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்பித்து, யூனானிப் பட்டப்படிப்புக்கு ஆயத்தம் செய்வது அதன் நோக்கம். மொழியும் மார்க்கமும் கற்றவன் மருத்துவம் கற்கத் தகுதியற்றவன் அல்லன். இடையில் ஒரு பாலம் வேண்டும், அதைக் கல்லூரியே கட்டித்தர வேண்டும் என்னும் எண்ணம் அதில் உண்டு. இப்னு சீனாவும் முதலில் குர்ஆனையும் இலக்கியத்தையும், பின்னர்த் தருக்கத்தையும் கற்றே மருத்துவத்திற்கு வந்தார். இன்று நம் கலைப்பிரிவு மாணவர்க்குத் திறந்த வாயில் இருக்கிறது. அங்குப் போய்ச் சேரப் பாலம் இல்லை. அவரவர் நீந்த வேண்டியதுதான்.

நீந்துவோரின் செலவு

நம் மாணவி 2024 செப்டம்பருக்குப் பின் மூன்று பாடங்களுக்கும் பதிவு செய்தாள். அவளைக் கண்டு மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லைங்கம்மா, இப்பவாவது சொன்னீங்களே" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அவள் மூன்றாம் பிரிவில் சேர்ந்தது மதிப்பெண் குறைவால் அன்று. வீட்டருகே இருந்த பள்ளியில் கலைப்பிரிவு மட்டுமே. அறிவியல் உள்ள பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். 'பெண்பிள்ளை, இருட்டில் வருவாள்' என்று வீட்டில் மறுத்துவிட்டனர். இது அவள் ஒருத்தியின் கதையன்று. எங்கள் துறையில் ஆண்டுதோறும் சேரும் மாணவியரிடம் ஏன் கலைப்பிரிவு எடுத்தீர்கள் என்று கேட்டால், விருப்பம் என்று விடை சொல்வோரினும் தொலைவு என்று சொல்வோர் மிகுதி. நானும் அவ்வாறு வந்தவளே. என் அத்தா பொள்ளாச்சிச் சந்தைக்கு அருகே சிறு கடை வைத்திருந்தார். விலங்கியலில் எனக்கிருந்த ஆசையைக் கேட்டுச் சிரித்தார், கோபிக்கவில்லை. தமிழ் எனக்குக் கிடைத்தது பேறு என்றே கருதுகிறேன். அதனால் பிறருக்கும் அவ்வாறே அமைக என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செய்முறைப் பாடம் அவளுக்குப் பெருந்தொல்லையாயிற்று. துலாவையும் நுண்ணோக்கியையும் அவள் தொட்டதேயில்லை. எங்கள் துறைக்கு நேர் கீழ்த்தளத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மூன்றாண்டு அதன் மேல் அமர்ந்து யாப்பிலக்கணம் படித்தவள் ஒருநாளும் அதனுள் புகுந்ததில்லை. கல்லூரி விடுமுறை நாட்களில் இத்தகைய மாணவர்க்காக அதைத் திறந்துவைக்கலாம் என்று அறிவியல் துறையினரை நான் கேட்டுள்ளேன். மறுப்பு வரவில்லை, நாளும் குறிக்கப்படவில்லை.

ஜமாஅத் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடம் கிடைத்த மாணவனுக்குக் கல்விக் கட்டணம் கொடுக்கப் பலர் முன்வருகின்றனர். விழா எடுத்துப் பொன்னாடையும் போர்த்துகின்றனர். இடம் கிடைப்பதற்கு முந்திய ஓராண்டிலோ ஈராண்டிலோ, வேலைக்கும் செல்லாமல், கல்லூரியிலும் இல்லாமல், வீட்டில் அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு யாரும் எதுவும் தருவதில்லை. பயிற்சி நிலையக் கட்டணத்தைவிட, அந்த ஆண்டில் அவள் சம்பாதிக்காமல் இருப்பதும், 'இன்னும் எத்தனை நாள்' என்று உறவினர் கேட்பதுமே பெருஞ்சுமை. பெண்ணாயின் அதனோடு வரன் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

2025 ஏப்ரல், மே மாதங்களில் அவளுக்கு வாரியத் தேர்வும் நீட் தேர்வும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. நீட் மே 4 ஆம் நாள். அவ்வாண்டு இயற்பியல் வினாக்கள் மிகக் கடினம் என்று அறிவியல் பிரிவில் பயின்றவர்களே சோர்ந்தனர். வாரியத் தேர்வில் மூன்றிலும் தேறி, வேண்டிய விழுக்காட்டையும் பெற்றாள். நீட்டில் உயிரியல் நன்றாக அமைந்தது, இயற்பியல் கைவிட்டது. இடம் கிடைக்கவில்லை. இன்னொரு முறை எழுத வீட்டில் இசைந்திருக்கின்றனர். பாட்டியார்தான் முதலில் இசைந்தாராம்.

சென்ற வாரம் துறைக்கு வந்தாள். 'பரவல்' என்பதற்கும் 'சவ்வூடு பரவல்' என்பதற்கும் வேற்றுமை என்ன என்று ஒரு சிறுவனுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். மாலையில் அவள் வீட்டில் தனிப்பயிற்சி எடுக்கிறாள். சவ்வு, ஊடு, பரவல் என்று நான் சொல்லைப் பிரித்துக் காட்டினேன். "அது சரிங்கம்மா, ஆனா எது எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லுல இல்லைங்களே" என்றாள். பின், நீரில் ஊறவைத்த உலர்திராட்சை ஏன் உப்புகிறது, அதே திராட்சையைச் சர்க்கரைப் பாகில் இட்டால் ஏன் உப்புவதில்லை என்று எனக்கு விளக்கினாள். கரும்பலகையில் திராட்சையை வரைந்து, உள்ளே நீர் நுழைவதற்கு அம்புக்குறி இட்டாள். ஐந்து மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று படத்தை அழிக்காமலே போய்விட்டாள். மறுநாள் காலை முதல் வகுப்பில் அப்படத்திற்குப் பக்கத்தில்தான் நான் ஆகுபெயர் எழுதிப்போட்டேன்.